மொட்டைத் தென்னையில் வரிசை ஓட்டைகள்

மார்ச் 29

பரீட்சை முடிந்தது! இன்றிலிருந்து நான் முழுநேரப் பறவை ஆள். போனில் இந்தக் குறிப்பைத் தொடங்குகிறேன். விதி ஒன்றே ஒன்றுதான்: இதில் பறவைகள் மட்டும். வீட்டு விஷயம் கிடையாது. பிப்ரவரியில் அப்பா இறந்துபோனார். பஸ் ஸ்டாண்டில், வண்டியை எடுக்கும்முன், டிரைவர் சீட்டிலேயே மாரடைப்பு. இதோ, ஒரு தடவை எழுதிவிட்டேன். போதும். இனிப் பறவை.

இடம்: பொள்ளாச்சிக்குப் பக்கம், எங்கள் வீட்டுப் பின்புறம். உயிருள்ள தென்னை இரண்டு, முருங்கை, வேம்பு, அப்புறம் ஒரு மொட்டைத் தென்னை. போன வருஷம் கூன்வண்டு குடைந்து குருத்து அழுகி, தலை கழன்று விழுந்துவிட்டது. இப்போது துணிக்கொடியைத் தாங்கும் கம்பமாக நிற்கிறது.

முதல் பதிவே தெறி! காலையில் அதன் உச்சியில் டடடடடவென்று சத்தம். ஓடினேன். பொன்முதுகு மரங்கொத்தி! முதுகு முழுக்கத் தங்கம், தலையில் ரத்தச் சிவப்பு. ஒன்று இல்லை, ஜோடி! கொண்டையும் நெற்றியும் முழுச் சிவப்பென்றால் ஆண். நெற்றி மட்டும் கறுப்பில் வெள்ளைப் புள்ளியென்றால் பெண். இதை யாரும் சொல்லித் தரவில்லை, நானே வீடியோ பார்த்துப் படித்தது. ஆணுக்கு ‘தலைவர்’ என்றும் பெண்ணுக்கு ‘தலைவி’ என்றும் பெயர் வைத்தாயிற்று. இரண்டும் உச்சிக்குக் கொஞ்சம் கீழே பொந்து குடைகின்றன. எங்கள் வீட்டில்! இலவசமாக!

மார்ச் 31

சமையலறையிலிருந்து அம்மா கத்தினாள்.

“மௌனி, ஓடியா! உன்ற மரங்கொத்தி கீழ மேயுது பாரு!”

பாதி இட்லியோடு ஓடினால், கொண்டலாத்தி.

“அது கொண்டலாத்திம்மா. மரங்கொத்தி இல்ல.”

“மூக்கு நீளமா இருக்குது, தலைல கொண்டை இருக்குது. அப்பறம் என்ன?”

“அது மரத்தையே கொத்தாதும்மா. மண்ணத்தான் கொத்தும்.”

“நான் பொறந்ததுலருந்து அது மரங்கொத்திதான். இவ நேத்து செல்லுல பாத்துட்டு வந்து பேர மாத்தறா. ஊருக்கே பேரு மாத்தறவளுக்கு மௌனிகான்னு பேரு வெச்சாரு பாரு, அந்த மனுசனச் சொல்லோணும்.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சட்டென்று நிறுத்திக்கொண்டாள். அம்மாவின் சிரிப்பு: அரிதாகத் தென்படுவது. குறித்துக்கொள்கிறேன்.

பிறகு வழக்கம்போல மதில்மேல் வாழையிலைத் துண்டில் சோறு வைத்துக் கூப்பிட்டாள். “வாங்க... வாங்க...” வீட்டுக் காகம், ஒன்று. இடது காலை ஊன்றாமல் தத்தித் தத்தி வருகிற அதே காகம். அது வாய் வைத்த பிறகுதான் அம்மா சாப்பிடுவாள். கருமாதி அன்றைக்கு இதுதான் முதலில் வந்து சோறு எடுத்தது. அப்பாவுக்கும் இடது முழங்கால்தான் வலி, கிளட்ச் மிதித்து மிதித்து. அதனால் அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை.

எனக்கு இருக்கிறது. காகங்களில் கால் ஊனமானவை ஏகப்பட்டவை. மாஞ்சாக் கயிறு சிக்கினால் போதும். ஆனால் இது விவாதம் பண்ணுகிற இடம் இல்லை.

ஏப்ரல் 3

ஓடி வந்து எழுதுகிறேன். டைப் பண்ணவே முடியவில்லை!!!

துணி காயப்போடப் போனேன். மொட்டைத் தென்னையில், என் நெஞ்சு உயரத்தில், வரிசையாக ஓட்டைகள். ஒன்றுக்கொன்று ஒரே இடைவெளி, ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி மரத்தைச் சுற்றிப் போகின்றன. துணிக்கொடிக்குப் பக்கத்தில் எத்தனையோ நாள் நின்றிருக்கிறேன், கண்ணில் பட்டதே இல்லை.

இப்படி வரிசையாக ஓட்டை போடுகிற மரங்கொத்தி உலகத்தில் ஒன்று இருக்கிறது. சாப்சக்கர்! அமெரிக்காவில் ஒருவர் தன் வீட்டுப் பின்புறத்தில் கேமரா வைத்து நேரலை ஓட்டுகிறார். அதில் தினம் பார்க்கிறேன். மரத்தில் வரிசையாகக் குழி போடும், சாறு ஊறும், திரும்பி வந்து நக்கிக் குடிக்கும். அதே வரிசை. அதே அழகு. பொள்ளாச்சியில்!

‘சிறகு ஸ்குவாட்’ பறவைக் குரூப்பில் ஆறு போட்டோ போட்டுவிட்டேன். தலைப்பு: “இந்தியாவின் முதல் சாப்சக்கர்??”

ஏப்ரல் 4

குரூப்பைத் திறக்க மாட்டேன்.

ஏப்ரல் 5

திறந்தேன். என் போட்டோவை வைத்து ஸ்டிக்கரே செய்திருக்கிறார்கள். இளநீர்க் குழாயை வாயில் வைத்த மரங்கொத்தி, கீழே ‘பொள்ளாச்சி சாப்சக்கர்’. அட்மின் ஆந்தைக்கண்ணன் மட்டும் தனியாக மெசேஜ் அனுப்பியிருந்தார். “தங்கச்சி, அது கடல் தாண்டி வராதும்மா. செத்த மரத்துல சாறும் இருக்காது. வண்டு ஓட்டையா பாரு.”

செத்த மரத்தில் சாறு இருக்காது. இது எனக்குத் தோன்றவே இல்லை.

ஆனால் வண்டு ஸ்கேல் வைத்துக் குடையாது. சில ஓட்டைகளின் விளிம்பில் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒட்டியிருக்கிறது. அடையாளம்: தெரியவில்லை.

அப்பா இருந்திருந்தால் ஸ்டிக்கரை பஸ் கண்ணாடியில் ஒட்டியிருப்பார். விதி மீறல். அழிக்க வேண்டும். அப்புறம் அழிக்கிறேன்.

ஏப்ரல் 9

முட்டை இட்டிருக்க வேண்டும். பகலில் இரண்டும் மாறி மாறி உள்ளே போகின்றன. பொழுது சாய்ந்தால் தலைவர் மட்டும் உள்ளே போகிறார், காலையில்தான் வருகிறார். மரங்கொத்திகளில் ராத்திரி அடைகாப்பது அப்பாதான்.

ஏப்ரல் 14

பெரியப்பா வந்தார். காரணம் மொட்டைத் தென்னை. பக்கத்திலேயே அவருடைய மாட்டுக் கொட்டகை.

“ஒரு காத்தடிச்சா என்ற கொட்டாய்மேல உழுகும். உங்கப்பன் மயிலு இருந்தப்பவே சொன்னேன். பாக்கலாம் பாக்கலாம்னே ஓட்டிட்டான்.”

“உள்ள குருவி இருக்குதுங்க பெரியப்பா.”

“உனக்கு அதுதான் கவலை. என்ற மாட்டுக்கு ரெக்கை இருக்குதா, பறந்து போக?”

போன வருஷம் மரம் வெட்டுகிறவர் வந்து “இது தேறாது, வெட்டிருங்க” என்றபோது நான் அழுதேன். அப்பா “பாக்கலாம்” என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு டூட்டிக்குப் போய்விட்டார். அவ்வளவுதான். அவருக்கு மரமும் பறவையும் ஒன்றுதான், ரோட்டுக்குக் குறுக்கே வராமல் இருந்தால் சரி. மரம் நிற்பது அவருக்கு நேரம் கிடைக்காததால்.

குஞ்சு பறக்கும்வரை பொறுங்கள் என்று அம்மா பெரியப்பாவிடம் சொன்னாள். எனக்காகச் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் 18

பொந்துக்குள் சத்தம்! கொதிக்கிற குக்கர் மாதிரி உஸ் உஸ்ஸென்று! குஞ்சுகள் பொரித்துவிட்டன! தலைவி வாய் நிறைய எறும்போடு போகிறாள், காலி வாயோடு வருகிறாள். நான் அங்கேயே குதித்து ஆடினேன். துணி துவைக்கிற கல்மேல் முட்டி இடித்துக்கொண்டேன். வலிக்கவே இல்லை. (இப்போது வலிக்கிறது.)

ஏப்ரல் 27

குஞ்சுகள் பொந்து வாசலில் தலை நீட்டத் தொடங்கிவிட்டன. இரண்டு. நானும் கத்தினேன், அவையும் கத்தின.

அப்புறம்தான் பார்த்தேன். நொண்டிக் காகம் சோற்றைத் தின்றுவிட்டு மதிலிலிருந்து பறந்து, மொட்டைத் தென்னையின் உச்சியில் உட்கார்ந்தது. தலையைச் சாய்த்து, கீழே பொந்தைப் பார்த்தது. தலைவர் அலறிக்கொண்டு பாய்ந்தார். காகம் நகர்ந்தது. மறுபடி வந்து உட்கார்ந்தது.

ஏப்ரல் 28

இன்றும். சோறு, பிறகு உச்சி, பிறகு பொந்து. மூன்று காகங்கள் சேர்ந்து வந்தன.

அம்மாவிடம் சொன்னேன். நன்றாகத்தான் ஆரம்பித்தேன்.

“ம்மா, கொஞ்ச நாளைக்குச் சோறு வெக்காதம்மா. இல்லன்னா முன்னாடி வாசல்ல வையி. குஞ்சத் தூக்கிரும்.”

“பின்னாடி பொடக்காலிலதான் அவரு கை கழுவுவாரு. வந்ததும் அங்கதான் நிப்பாரு. அங்கதான் வெப்பேன்.”

“அது காக்காம்மா.”

“தெரியுது.”

“அப்பா இல்லம்மா அது. மயில்சாமின்னு பேரு இருக்கற மனுசன் காக்காயாத்தான் வருவாரா? மயிலா வரமாட்டாரா?”

அம்மா கையிலிருந்த கரண்டியைப் பார்த்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன்.

“மயிலுக்குச் சோறு வெச்சா பாரஸ்ட்டுக்காரன் புடிச்சுக்குவான்” என்றாள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, “ரெண்டு வாய் சோறுதானே கண்ணு. அதையும் உடச் சொல்றியா?”



ஏப்ரல் 29

காகத்தை விரட்ட ஒரு வழி இருக்கிறது. தோட்டத்துக்காரர்கள் செய்வது. செத்த காகத்தைக் கட்டித் தொங்கவிட்டால் மற்றவை கிட்ட வராது. செத்த காகம் கிடைக்காவிட்டால் கறுப்புத் துணியில் செய்யலாம், இறக்கை மட்டும் தொங்க வேண்டும். வீடியோவே இருக்கிறது.

ஆணியில் அப்பாவின் குடை தொங்கிக்கொண்டிருந்தது. ஏற்கெனவே ஒரு கம்பி ஒடிந்த குடைதான். வெட்டினேன். அசல் மாதிரியே வந்தது. அம்மா ரேஷன் கடைக்குப் போன நேரம் பார்த்து, முருங்கைக்குள், சமையலறை ஜன்னலுக்குத் தெரியாத பக்கம் தலைகீழாகக் கட்டினேன்.

காகங்கள் எங்கிருந்தோ கூட்டமாக வந்து கத்தின. காது கிழிந்தது. பிறகு ஒன்றும் இல்லை.

வெற்றி!

ஏப்ரல் 30

காகம் வரவில்லை. குஞ்சுகள் நலம். தலைவி ஓயாமல் ஊட்டுகிறாள்.

மே 1

காகம் வரவில்லை. இலைச் சோற்றில் எறும்பு. அம்மா டீ மட்டும் குடித்தாள்.

மே 2

குஞ்சுகள் நலம்.

மே 3

குஞ்சுகள் நலம். அம்மா மதியம் குழாயடியில் உட்கார்ந்துவிட்டாள், தலை சுற்றுகிறதாம். தட்டில் போட்டுக் கொடுத்தேன். “அப்பறம் சாப்படறேன்” என்றாள். தட்டு சாயங்காலமும் அப்படியே இருந்தது.

மே 4

இன்று எழுதுவது பறவை இல்லை.

காலையில் அம்மா புது இலை வைத்தாள். சோற்றின்மேல் கோழிக்குழம்பு. அப்பாவுக்குப் பிடித்தது. கூப்பிட்டாள், கூப்பிட்டாள். வானத்தில் ஒன்றும் இல்லை. நான் வேம்புக்குப் பின்னால் பைனாகுலரோடு நின்றிருந்தேன். நான் அங்கே நிற்பது அவளுக்குத் தெரியாது.

கருமாதியில் காகம் சோறு எடுக்காவிட்டால் பெரியவர்கள் என்ன குறை என்று கேட்பார்கள், செத்தவர் மனசில் கிடப்பதைச் செய்து தருவதாகச் சத்தியம் செய்வார்கள். அன்றைக்கு அதற்குத் தேவையே வரவில்லை, காகம் உடனே வந்துவிட்டது. இன்று அம்மா தனியாக, மதிலைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

“என்னுங்க கொறை? சொல்லுங்க. எதுக்கு இந்தக் கோவம்? அன்னைக்குக் காத்தால டிபன் பாக்ஸ டொக்குன்னு வெச்சேனே, அதுக்கா? அது தெனமும் வெக்கறதுதானுங்களே...”

மூக்கை உறிஞ்சினாள்.

“புள்ளைய நெனச்சுக் கவலைப்படறீங்களா? அவ கேக்கறதையே படிக்க வெக்கறேன். குருவிப் படிப்புன்னாலும் செரி. மரமா? உங்கண்ணன் வெட்டோணும்ங்கறாரு. நான் உடமாட்டேனுங்க. புள்ள அழுதுட்டாள்னு லீவப் போட்டுட்டு, டிரில்லிங் மிசினு வாடகைக்கு வாங்கியாந்து, செல்லுல பாத்துப் பாத்து ஓட்டை போட்டீங்களே. ஒண்ணு போட்டா போதும்னாங்க. மருந்து எல்லாப் பக்கமும் ஏறோணும்னு வரிசையாப் போட்டீங்க. அவ ஸ்கூல்ல இருந்து வர்றதுக்குள்ள சிமெண்ட்டு வெச்சு அடச்சீங்க. இப்ப சொல்லாத, பொழச்சா சொல்லிக்கலாம்னீங்க. பொழைக்கலைங்க. இருந்தாலும் நிக்கட்டும். நான் வெட்ட உடமாட்டேன். வந்து ஒரு வாய் எடுங்க.”

நான் பைனாகுலரைக் கண்ணிலேயே வைத்திருந்தேன். ஒன்றும் தெரியவில்லை, கண்ணாடி நனைந்துவிட்டது.

அம்மா உள்ளே போனதும் முருங்கையில் ஏறிக் குடையை அவிழ்த்துவிட்டேன்.

குஞ்சு பறக்க இன்னும் சில நாள்தான். ஒன்றும் ஆகாது.

மே 5

ஒன்றும் வரவில்லை.

மே 6

வந்தது. தத்தித் தத்தி மதிலில் நடந்து, குழம்புச் சோற்றை எடுத்தது. அம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு உள்ளே வந்து தட்டு நிறையப் போட்டு, என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டாள். விக்கல் எடுத்தது. தண்ணீர் கொடுத்தேன். “காரம்” என்றாள். காரமே இல்லை.

பொந்தைக் காலையிலிருந்து காவல் காக்கிறேன். குஞ்சுகள் நலம்.

மே 7

நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு நேரம்தான்.

காகம் சோறு தின்று முடித்து உச்சிக்குப் போனது. பெரிய குஞ்சு பசியில் பாதி உடம்பை வெளியே நீட்டிக் கத்திக்கொண்டிருந்தது. காகம் எட்டிக் கவ்வியது. இழுத்தது. தலைவர் முதுகில் கொத்தினார், விடவில்லை. குஞ்சோடு பறந்து வந்து மதிலில், இலைக்குப் பக்கத்திலேயே, அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்தது. நல்ல காலை அதன்மேல் வைத்து அமுக்கியது.

அம்மா ஓடினாள். இத்தனை நாள் வாங்க வாங்க என்று கூப்பிட்டவள், துணி துவைக்கிற கட்டையை எடுத்து வீசினாள்.

“போ! போ சனியனே! நீ அவரில்ல! புள்ளையத் தூக்கற ஆளில்ல அவரு! போ!”

காகம் குஞ்சோடு பறந்துவிட்டது. மதிலில் ஒரு சின்னச் சிவப்பு இறகு.

அம்மா இலையைச் சுருட்டிக் கீழே போட்டாள். வாய் பேஸ்ட்டோடு நான் அங்கேயே நின்றேன்.

“ஆணில இருந்த கொடை எங்க?” என்றாள்.

நான் வாயைத் துடைத்துக்கொண்டேன்.

“அத நீ வெட்டுன அன்னைக்கே தெரியும். மழைக்கு டார்பாலின் ஏதோ தெக்கறியாட்ட இருக்குதுன்னு நெனச்சேன். அதக் கட்டித்தான் காக்காய முடுக்குனியா?”

“ம்.”

“அப்பறம் ஏன் அவுத்த?”

“நீ சாப்பிடலையே.”

 அவள் என்னைக் கட்டிப்பிடிப்பாள், நான் அழலாம் என்று காத்திருந்தேன். அவள் ஸ்டூலை எடுத்து வந்தாள்.

“எடுத்துட்டு வா. இன்னொண்ணு உள்ள இருக்குதல்ல.”

மொட்டைத் தென்னையிலேயே, கொடிக்கயிற்றுக்கு மேலே கட்டினோம். நான் பிடித்துக்கொண்டேன், அம்மா முடிச்சுப் போட்டாள். அவள் முடிச்சு அவிழாது. கட்டும்போது அந்தக் கறுப்புத் துணியை ஒரு தடவை நீவிவிட்டாள், சட்டையை நீவுகிற மாதிரி.

மே 8

காகம் வரவில்லை. அம்மா சோறு வைக்கவில்லை. படிக்கட்டில் தட்டோடு உட்கார்ந்து பொந்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். பக்கத்தில் துவைக்கிற கட்டை.

“உங்க தலைவரு எறும்பு கொண்டு வந்துட்டாரு பாரு” என்றாள். அது தலைவி. நான் திருத்தவில்லை.

மே 10

காலையில் சின்னக் குஞ்சு பொந்து வாசலில் நெடுநேரம் தொங்கியது. தலைவர் வேம்பிலிருந்து கூப்பிட்டார். வாயில் எறும்பு, ஆனால் கொண்டு வந்து தரவில்லை. அது அங்கேயே நின்று கத்தியது. பிறகு பறந்தது. பறப்பது என்று சொல்ல முடியாது, விழுந்துகொண்டே முன்னால் போனது. வேம்பின் நடுத்தண்டில் ஒட்டிக்கொண்டது.

அம்மா கை தட்டினாள். நான்தான் சத்தம் போட்டிருக்க வேண்டும். எனக்குச் சத்தம் வரவில்லை.

“என்னடி, இப்பத்தான் பேருக்கு ஏத்த மாதிரி இருக்கற” என்றாள். சொன்ன பிறகு இரண்டு பேருமே அழுதோம். எவ்வளவு நேரம் என்று குறிக்கவில்லை.

மே 11

பொந்து காலி. குடையை அவிழ்க்கப் போனேன். அம்மா முடிச்சு என்பதால் கொடிக்கயிற்றையும் சேர்த்துத் தளர்த்த வேண்டியிருந்தது. கயிறு மரத்தைச் சுற்றிப் பல சுற்று போட்டிருந்த இடம். சுற்றை விலக்கினால் அதன் கீழே, வரிசையின் கடைசியில், இன்னொரு ஓட்டை.

இது திறந்திருக்கவில்லை. மற்றவற்றில் மழையும் மரங்கொத்தியும் சிமெண்ட்டை உதிர்த்துவிட்டன. இதைக் கயிறு காப்பாற்றியிருக்கிறது. சாம்பல் நிறத்தில் வட்டமாக, இன்னும் இறுக்கமாக அடைத்திருக்கிறது. நடுவில் ஒரு குழி. கிட்டே போய்ப் பார்த்தேன். கோடுகள் தெரிந்தன, மெல்லிசாக, வளைந்து வளைந்து. ஈரமாக இருந்தபோது கட்டைவிரல் வைத்து அமுக்கியிருக்கிறார்.

குரூப்பில் அந்த போட்டோவைப் போடவில்லை. ஆந்தைக்கண்ணனுக்கு மட்டும் எழுதினேன். “அண்ணா, அந்த ஓட்டைகளுக்கு அடையாளம் கிடைத்துவிட்டது. மரங்கொத்தி இல்லை. எங்கப்பா.”

பிறகு என் கட்டைவிரலை அதில் வைத்துப் பார்த்தேன். சுற்றிலும் இடம் இருந்தது.